அடித்த பில்லே மறுபடி அடித்தால்: பிரிண்ட் க்யூ சிக்கலைச் சரிசெய்யும் முறை

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திருப்பூர், பல்லடம் பக்கம் எந்த டிஸ்பாட்ச் ஆபீஸிலும் கேட்கிற பேச்சு இது: "வண்டி நிக்குதுங், பில்லு வந்துச்சுங்களா?" பில் வந்திருக்காது. பில் போடுகிறவர் இன்னொருக்கா பிரிண்ட் கொடுப்பார். அப்போதும் வராது. மூன்றாவது தடவை கொடுப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார். உடனே கொடுத்ததெல்லாம் சடசடவென்று வர ஆரம்பிக்கும். கேன்சல் அடித்தாலும் நிற்காது. மறுநாள் காலையில் சிஸ்டத்தைப் போட்டதும் நேற்றைய பில்தான் முதலில் வரும்.

பில்லிங், ஸ்டோர்ஸ், ஜெராக்ஸ் கடை என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதைத் தாங்களே சரிசெய்துகொள்ள முடியும். பெரும்பாலான ஆபீஸ்களில் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 என்பதால் வழிமுறைகளையும் அதற்கே சொல்கிறோம்.

கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் இரண்டு. முதலாவது, ஒரு முறைக்கு மேல் பிரிண்ட் கொடுக்காதீர்கள். வராத பிரிண்ட் எங்கும் தொலைந்து போவதில்லை, வரிசையில், அதாவது பிரிண்ட் க்யூவில், நிற்கிறது. ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும் அதன் பின்னால் இன்னொன்றை நிறுத்துகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது இதைவிட முக்கியம்: தாள் வரவில்லை என்பதற்காகப் புதிதாக இன்னொரு பில் போட்டுவிடாதீர்கள். பில் சேவ் ஆகிவிட்டது, எண்ணும் விழுந்துவிட்டது. இ-இன்வாய்ஸ் போடுகிற கம்பெனி என்றால் அரசுத் தளத்தில் அந்தப் பில்லுக்கான ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் வாங்கியிருக்கும். அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். இ-வே பில்லுக்கும் அதே 24 மணி நேரம். ஒரே சரக்குக்கு இரண்டு பில் ஏறிவிட்டால் ஆடிட்டர் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதே பில்லை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி பிரிண்ட் எடுக்கலாம், எண் மாறாது.

ஒரு பிரிண்ட் தங்கும் மூன்று இடங்கள்

நீங்கள் பிரிண்ட் பட்டனை அழுத்தியதும் பில் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் அந்த மென்பொருள், அது டேலியோ எக்செல்லோ, பக்கத்தைத் தயார் செய்கிறது. அங்கிருந்து ஸ்பூலர் என்ற விண்டோஸ் சேவையின் கைக்கு வருகிறது. ஸ்பூலர் அதை ஹார்டு டிஸ்க்கில் இரண்டு ஃபைல்களாக எழுதி வைக்கிறது: எஸ்பிஎல் என்று முடிவது அச்சாக வேண்டிய விஷயம், எஸ்எச்டி என்று முடிவது யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டர், எத்தனை காப்பி என்கிற குறிப்பு. அதன் பிறகுதான் பிரிண்டரின் சொந்த மெமரிக்குத் துண்டு துண்டாகப் போகிறது.

சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய பில் வருவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பூலர் மறுபடி எழுந்ததும் அந்த இரண்டு ஃபைல்களையும் படித்து வரிசையைப் பழையபடி கட்டிவிடும். கரண்ட் போனாலும் கொடுத்த வேலை வீணாகக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ரீஸ்டார்ட் மட்டும் போதாது. மூன்று இடத்தில் எதில் மிச்சம் இருக்கிறதோ அங்கே துடைக்க வேண்டும்.

முதலில் வரிசையைத் திறந்து பாருங்கள்

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சின்னப் பிரிண்டர் படம் தெரியும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் வரிசை திறக்கும். படம் இல்லையென்றால் செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ஓபன் பிரிண்ட் க்யூ கொடுங்கள். விண்டோஸ் 10-இல் முதல் படி டிவைசஸ் என்று இருக்கும்.

அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தே பாதி முடிவு செய்யலாம். பாஸ்டு என்று இருந்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிரிண்டர் மெனுவில் பாஸ் பிரிண்டிங் டிக்கை எடுத்தால் போதும். ஆஃப்லைன் என்றால் அதே மெனுவில் யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிள் அல்லது நெட்வொர்க். டிலீட்டிங் என்று போட்டு அப்படியே நின்றால், அல்லது எரர் என்று இருந்தால், அடுத்து வரும் துடைக்கும் வேலை. பிரிண்டிங் அல்லது பிரிண்டட் என்று காட்டுகிறது, தாளும் வந்துவிட்டது, ஆனால் பெயர் மட்டும் வரிசையை விட்டுப் போகவில்லை என்றால் அது வேறு வகை, பின்னால் வருகிறது.

வரிசை காலியாக இருக்கிறது, தாள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் மிச்சம் பிரிண்டரின் மெமரியில் இருக்கிறது, அல்லது வேறொரு சிஸ்டத்திலிருந்து வருகிறது.

வரிசை காலி, தாளும் வரவில்லை என்றால் பில் வேறு வரிசைக்குப் போயிருக்கும். இது புதியவர்களை ரொம்பவே குழப்புகிற விஷயம். விண்டோஸில் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்" என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால் கடைசியாக எந்தப் பிரிண்டரில் எடுத்தீர்களோ அதையே டிஃபால்ட் ஆக்கிவிடும். காலையில் ஒரு முறை ஸ்டோர்ஸ் பிரிண்டரில் ஏதோ எடுத்திருப்பீர்கள். மதியத்துப் பில்கள் எல்லாம் அந்த வரிசையில் போய் நிற்கும். அங்கே யாராவது பிரிண்டரைப் போட்டதும் மொத்தமாகக் கொட்டும். இரண்டு பிரிண்டர் இருக்கிற எந்த ஆபீஸிலும் இதை ஆஃப் செய்துவிடுவது நல்லது.

யூஎஸ்பி கேபிளைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டினாலும் இதே கதைதான். விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து, அதே பெயரோடு காப்பி 1 என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கிவிடும். பில்லிங் மென்பொருள் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கேபிளைப் பழைய ஓட்டையிலேயே மாட்டுங்கள், எந்த ஓட்டை என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

முழுசாகத் துடைக்கும் முறை

முதலில் சாதாரண வழி: வரிசையில் அந்தப் பெயர் மேல் வலது கிளிக் செய்து கேன்சல் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். போய்விட்டால் சரி. போகவில்லை என்றால் கீழே உள்ளதை இதே வரிசைப்படி செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அந்த சிஸ்டத்தில் இருக்கிற எல்லாப் பிரிண்டரின் வரிசையும் இதில் அழிந்துவிடும் என்பதால், மற்றவர்கள் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. பிரிண்டரை ஆஃப் செய்து, பவர் கார்டையும் பிடுங்கி வையுங்கள். நெட்வொர்க் கேபிள் இருந்தால் அதையும்.

2. ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் என்பதைக் கண்டுபிடியுங்கள். வலது கிளிக், ஸ்டாப். அந்த ஜன்னலை மூடாமல் வையுங்கள்.

3. சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறங்கள். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள். உள்ளே எண்களாகப் பெயர் வைத்த எஸ்பிஎல், எஸ்எச்டி ஃபைல்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். ஃபோல்டரை அழிக்காதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும். பக்கத்திலேயே டிரைவர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

4. அழியாமல் "ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது" என்கிற மாதிரி சொன்னால் ஸ்பூலர் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம். சர்வீசஸ் ஜன்னலில் எஃப்5 அழுத்திப் பாருங்கள். ரன்னிங் என்று இருந்தால் மறுபடி ஸ்டாப். அப்படியும் அடம்பிடித்தால் டாஸ்க் மேனேஜரில் ஸ்பூலரைத் தேடி எண்ட் டாஸ்க்.

5. பிரிண்டர் முழுசாக 30 விநாடியாவது கரண்ட் இல்லாமல் இருந்த பிறகு கார்டை மாட்டி ஆன் செய்யுங்கள். தயார் நிலைக்கு வந்து விளக்கு நிலையாக எரியட்டும்.

6. அதன் பிறகு சர்வீசஸில் ஸ்பூலரை ஸ்டார்ட் செய்யுங்கள்.

7. நோட்பேடில் ஒரே ஒரு வரி அடித்து பிரிண்ட் கொடுங்கள். பில்லைக் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு நோட்பேட் மட்டும்.

பிரிண்டரை ஏன் முதலில் ஆஃப் செய்ய வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். ஸ்பூலரைப் பாதியில் நிறுத்தினால் பிரிண்டர் மீதிப் பக்கத்துக்காகக் காத்துக்கொண்டே விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அடுத்து எதை அனுப்பினாலும் அதன் தலைப்பகுதியைப் பழைய பில்லின் தொடர்ச்சி என்று நினைத்து விழுங்கிவிடும். அப்புறம் வருவது பில் இல்லை. மேலே ஒரே ஒரு வரி, அதுவும் புரியாத எழுத்தும் குறியுமாக, இப்படித் தாள் தாளாக ரீம் தீரும் வரை வரும். டாட் மேட்ரிக்ஸிலும் இப்படித்தான்: கேன்சல் செய்த பில்லின் மிச்சம் அதன் பஃபரில், அதாவது தற்காலிக மெமரியில், இருக்கும், ஆஃப் செய்யாமல் அடுத்ததைக் கொடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும், தொடர்தாளில் பக்க ஆரம்பமும் தள்ளிப்போய்விடும். ஆஃப் செய்து ஆன் செய்ததும் தாளின் மேல் விளிம்பைத் துளைக்கோட்டுக்கு நேராக வைத்துவிட்டுத்தான் அடுத்த பில்.

துடைத்த பிறகும் திரும்ப வந்தால்: கரண்ட்

துடைப்பது அன்றைக்கு மட்டும் உதவும். வாரத்துக்கு இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட்.

ஆபீஸ் சிஸ்டம் யூபிஎஸ்ஸில் இருக்கும். லேசர் பிரிண்டர் யூபிஎஸ்ஸில் இருக்காது, இருக்கவும் கூடாது. அதன் ஹீட்டர் சூடாகும்போது இழுக்கும் கரண்ட்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. எனவே லைன் போனதும், ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நேரத்தில், சிஸ்டம் உயிரோடு இருக்கும், பிரிண்டர் பாதிப் பக்கத்தில் செத்துவிடும். 12 பக்கப் பேக்கிங் லிஸ்ட்டில் ஏழாவது பக்கத்தில் நின்றது என்று வையுங்கள். ஸ்பூலரைப் பொறுத்தவரை அந்த வேலை முடியவில்லை. பிரிண்டர் மறுபடி எழுந்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். முதல் ஆறு பக்கம் இரண்டு தடவை. நடுவில் இன்னொரு தடவை கரண்ட் போனால் மூன்று தடவை.

செய்ய வேண்டியது: கரண்ட் போன உடனே வரிசையைத் திறந்து பாஸ் பிரிண்டிங் கொடுங்கள். சிஸ்டம்தான் யூபிஎஸ்ஸில் ஓடுகிறதே. கரண்ட் வந்து பிரிண்டர் தயாரானதும் உள்ளே மாட்டியிருக்கும் தாளை உருவிவிட்டு, எத்தனை பக்கம் நல்லபடி வெளியே வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பழைய வேலையைக் கேன்சல் செய்து, பாஸை எடுத்துவிட்டு, மென்பொருளில் மீதிப் பக்கத்தை மட்டும், 7 முதல் 12 வரை என்று கொடுத்து எடுங்கள். வரிசையில் ரீஸ்டார்ட் என்ற பட்டனைத் தொட வேண்டாம். அது முதல் பக்கத்திலிருந்தே அடிக்கும்.

பேப்பர் ஜாம் ஆனால் இதே போல ஒரு சிக்கல் வரும், ஆனால் அது பழுதில்லை. எச்பி லேசர் போன்றவற்றில் ஜாம் ரெக்கவரி என்று ஒரு வசதி உண்டு. மாட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிண்டரே தன் மெமரியிலிருந்து மறுபடி அடிக்கும். அந்தப் பக்கம் ஏற்கெனவே படிக்கிற மாதிரி வெளியே வந்திருந்தால் இரண்டாகிவிடும். ஒற்றைப் பக்கம் மட்டும், அதுவும் ஜாமுக்குப் பிறகு மட்டும் இரட்டிப்பானால் இதுதான் காரணம். ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

நெட்வொர்க் பிரிண்டரின் ஐபி மாறினால்

வைஃபையிலோ லான் கேபிளிலோ இருக்கிற பிரிண்டருக்கு ரௌட்டர்தான் ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி, கொடுக்கிறது. கரண்ட் போய் ரௌட்டரும் பிரிண்டரும் சேர்ந்து எழும்போது வேறு எண் கிடைக்கலாம். விண்டோஸ் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வேலைகள் வரிசையில் குவியும். ஒருநாள் பிரிண்டருக்குப் பழைய எண்ணே திரும்பக் கிடைத்தால் குவிந்ததெல்லாம் ஒன்றாகக் கொட்டும். "நேத்து ஒண்ணும் வரலீங், இன்னைக்கு எல்லாம் வருதுங்" என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிரிண்டரின் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பேஜ் ஒன்று எடுங்கள். அதில் ஐபி எண்ணும், அந்தக் கருவிக்கே உரிய மாறாத அடையாளமான மேக் முகவரியும் இருக்கும். ரௌட்டரின் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். ரௌட்டர் பாஸ்வேர்டு இன்டர்நெட் போட்டுக் கொடுத்தவரிடம் இருக்கும்.

அடுத்து சிஸ்டத்தில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். பிரிண்ட் எந்த வழியாகப் பிரிண்டருக்குப் போகிறது என்பதுதான் போர்ட். பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் என்பது வேறு, அதில் இது இருக்காது. டிக் விழுந்திருக்கும் போர்ட் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கினால், அதை விட்டுவிட்டு ஆட் போர்ட் கொடுத்து ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட் தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய எண்ணைக் கொடுங்கள். டபிள்யூஎஸ்டி தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடிப்பது வசதிதான், ஆனால் தொடர்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் அதுவே தலைவலி. புதுப் போர்ட்டில் கான்ஃபிகர் போர்ட் திறந்தால் ரா என்றும் 9100 என்றும் இருக்க வேண்டும். அங்கேயே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு என்று ஒரு டிக் இருக்கும். பிரிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று விண்டோஸ் கேட்டுப் பார்ப்பதற்கானது அது. பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள். பிரிண்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

முழுப் பில்லும் வந்து, அதே பில் மறுபடி, மறுபடி என்று நிற்காமல் வருவதும் இந்தப் பகுதியில்தான் சேரும். கடைசித் துண்டு வரை பிரிண்டருக்குப் போய்விட்டது, ஆனால் "முடிந்தது" என்கிற பதில் ஸ்பூலருக்கு வந்து சேரவில்லை. சேராவிட்டால் அது தோற்ற வேலை, முதலிலிருந்து அனுப்பும். வைஃபை சிக்னல் மெலிந்த இடத்தில், தகர ஷெட்டுக்கு அந்தப் பக்கம் ரௌட்டர் இருக்கும் பட்டறைகளில், இது சகஜம். ஒரு லான் கேபிள் இழுப்பதே நல்ல வைத்தியம். யூஎஸ்பி பிரிண்டர் என்றால் கேபிளை மாற்றுங்கள், நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சிஸ்டத்தின் பின்பக்கம் மாட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் போர்ட்ஸ் பகுதியில் எனேபிள் பைடைரக்ஷனல் சப்போர்ட் டிக்கை எடுத்துச் சோதிக்கலாம். பிரிண்டர் சிஸ்டத்துக்குப் பதில் அனுப்பும் வசதி அது; எடுத்துவிட்டால் மை அளவு காட்டாது, சில மாடல்கள் அடிக்கவே மறுக்கும். பயன் இல்லையென்றால் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

தாள் வந்தும் பெயர் போகாவிட்டால்

பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து, கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ் டிக்கை எடுங்கள். அது இருந்தால் அடித்து முடித்ததையும் விண்டோஸ் வரிசையிலேயே வைத்திருக்கும். பெயர் இருக்கிறதே என்று யாராவது ரீஸ்டார்ட் கொடுத்தால் இன்னொரு முறை வரும். அதே இடத்தில் ஹோல்டு மிஸ்மேச்டு டாக்குமென்ட்ஸ் என்று ஒன்று. பேப்பர் அளவு பொருந்தாததை நிறுத்தி வைப்பது. ஏ4 தாள் வைத்த பிரிண்டருக்கு லெட்டர் அளவில் வந்த பிடிஎஃப் காரணம் தெரியாமல் நின்றால் இதைப் பாருங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஸ்பூலிங் என்று காட்டியபடியே நிற்கும் பெரிய பிடிஎஃப். மொபைலில் ஸ்கேன் செய்து வாட்ஸ்ஆப்பில் வரும் பத்திர நகல், பட்டா போன்றவை பார்க்கச் சின்ன ஃபைலாக இருக்கும்; ஸ்பூலரில் விரியும்போது பல மடங்கு ஆகிவிடும். சி டிரைவில் இடம் இல்லையென்றால் பாதியில் நிற்கும். சில ஜிபி எப்போதும் காலியாக வையுங்கள். அக்ரோபேட் ரீடரில் பிரிண்ட் ஜன்னலின் அட்வான்ஸ்டில் பிரிண்ட் ஆஸ் இமேஜ் டிக் செய்தால் முரண்டு பிடிக்கும் பிடிஎஃப் பலவும் வந்துவிடும். 80 பக்கத்தை ஒரே மூச்சில் கொடுக்காமல் பத்துப் பத்தாகக் கொடுப்பதும் உதவும்.

பழுதே இல்லாத இரட்டிப்பு

மூன்று காப்பி வருவது எல்லா நேரமும் தப்பில்லை. ஜிஎஸ்டி விதி 48-இன்படி சரக்குப் பில் மூன்று பிரதி: வாங்குபவருக்கு ஒரிஜினல், டிரான்ஸ்போர்ட்டருக்கு டூப்ளிகேட், விற்பவருக்கு டிரிப்ளிகேட். வேலைக்கூலி போன்ற சேவைப் பில்லுக்கு இரண்டு. தாளின் மேல் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றிலும் மூன்று விதமாக எழுதியிருந்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. மூன்றிலும் ஒரிஜினல் என்றே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

காப்பி எண்ணிக்கை இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். பில்லிங் மென்பொருளில் 2, பிரிண்டர் டிரைவரில் (பிரிண்டரை இயக்க விண்டோஸில் போட்டிருக்கும் மென்பொருள்) யாரோ வைத்த 2, சேர்ந்து நான்காக வரும். முன்னே சொன்ன நோட்பேட் சோதனை இதைத்தான் காட்டிக்கொடுக்கும். நோட்பேடில் ஒன்று கொடுத்து இரண்டு வந்தால் டிரைவர். பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் காப்பிஸ் எண்ணை 1 ஆக்குங்கள். நோட்பேடில் ஒன்றே வந்து பில் மட்டும் இரண்டாக வந்தால் மென்பொருளின் அமைப்பு.

யார் சொல்வது சரி: லாக் சொல்லும்

"நான் ஒருக்காத்தானுங் குடுத்தேன்" என்று ஒருவர், "சிஸ்டத்துல கோளாறு ஒண்ணுமில்லைங்" என்று இன்னொருவர். இந்தப் பஞ்சாயத்தை விண்டோஸே தீர்த்து வைக்கும். ஈவென்ட் வியூவர் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரிண்ட் சர்வீஸ் என்று உள்ளே போய், ஆபரேஷனல் மேல் வலது கிளிக் செய்து எனேபிள் லாக் கொடுங்கள். இது சாதாரணமாக ஆஃபில்தான் இருக்கும், இயக்கிய பிறகு நடப்பதை மட்டுமே எழுதும்.

அதன் பிறகு முடிந்த ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் 307 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். யார் கொடுத்தது, எந்தப் போர்ட், எத்தனை பக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பில்லுக்கு இரண்டு 307, டாக்குமென்ட் எண் வேறு வேறு என்றால் இரண்டு தடவை கொடுக்கப்பட்டிருக்கிறது: ஆளோ மென்பொருளோ. ஒரே 307, தாள் மட்டும் இரண்டு என்றால் காப்பி எண்ணிக்கை அல்லது பிரிண்டரின் மெமரி. தாள் வந்துகொண்டே இருக்கிறது, 307 விழவே இல்லை என்றால் "முடிந்தது" என்ற பதில் வரவில்லை. கேபிள், வைஃபை, போர்ட் பக்கம் போங்கள். இதை ஒரு முறை பார்க்கப் பழகிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஷேர் செய்த பிரிண்டர்

ஒரு சிஸ்டத்தில் யூஎஸ்பியில் மாட்டி மற்ற நான்கு பேருக்கு ஷேர் செய்திருந்தால், உண்மையான வரிசை அந்த ஒரு சிஸ்டத்தில் இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் மட்டும் துடைத்தால் தீராது. அங்கே போய் மேலே சொன்ன ஏழு படிகளையும் செய்யுங்கள், பிறகு உங்களுடையதையும் பாருங்கள். அந்தச் சிஸ்டம் ஸ்லீப் ஆகும்படி வைத்திருந்தால் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் கொடுத்ததெல்லாம் நின்று, அவர் வந்து மவுஸை அசைத்ததும் கொட்டும். ஸ்லீப்பை நெவர் என்று மாற்றி வையுங்கள்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பூலரின் இடத்தில் கப்ஸ் இருக்கிறது. பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 631 திறந்தால் வரிசை தெரியும். அங்கே பிரிண்டரின் எரர் பாலிசியைப் பாருங்கள். ரீட்ரை ஜாப் என்று இருந்தால், அமைப்பை மாற்றாதவரை 30 விநாடிக்கு ஒரு முறை, ஐந்து தடவை வரை மறுபடி முயலும். திரும்பத் திரும்ப வருவதுதான் பிரச்சினை என்றால் அதை அபார்ட் ஜாப் என்று மாற்றுங்கள்.

கார்ட்டன் ஸ்டிக்கர்: இங்கே அலட்சியம் கூடாது

பில் இரண்டு வந்தால் ஒன்றைக் கிழித்துப் போடலாம். எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் பார்கோடு பிரிண்டர் அப்படி இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண். ஒரே எண் இரண்டு பெட்டியில் ஏறினால் பையரின் குடோனில் ஸ்கேன் செய்யும்போது மாட்டும்.

பார்கோடு பிரிண்டர்களில் ரிப்பன் தீர்ந்தாலோ, ஸ்டிக்கர் ரோல் தீர்ந்தாலோ, மூடியைத் திறந்தாலோ, பாதியில் நின்ற ஸ்டிக்கரை மூடிய பிறகு மறுபடி அடிக்கும் வசதி உண்டு. ஜீப்ராவில் ரீபிரிண்ட் ஆஃப்டர் எரர் என்பார்கள், டிஎஸ்சியில் செட் ரீபிரிண்ட் என்று ஒரு கட்டளை. இதை ஆஃப் செய்தால் பாதி ஸ்டிக்கர் பாதியாகவே போய்விடும், எண் ஒன்று விடுபடும். விடுபட்டதைக் கண்டுபிடிப்பது இரட்டிப்பைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம் என்பதால், ஆனிலேயே வைத்துவிட்டு, ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் கடைசியாக வந்த ஸ்டிக்கரையும் மாற்றிய பின் முதலில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படியுங்கள். ஒரே எண் என்றால் பழையது மங்கலா முழுசா என்று பார்த்து ஒன்றை அங்கேயே கசக்கிப் போடுங்கள். மேஜை மேல் வைத்தால் எப்படியும் ஏதோ ஒரு பெட்டியில் ஒட்டிவிடும்.

500 ஸ்டிக்கரை ஒரே வேலையாகக் கொடுக்காமல் ஐம்பது ஐம்பதாகக் கொடுங்கள். நின்றால் கேன்சல் செய்வதும் மீதியைத் தொடர்வதும் சுலபம். வரிசையைத் துடைத்த பிறகு மறுபடி தொடங்கும்போது மென்பொருள் காட்டும் கடைசி எண்ணை நம்பாதீர்கள். அது அனுப்பியதைத்தான் எண்ணும், அடித்ததை அல்ல. கையில் இருக்கும் கடைசி ஸ்டிக்கரின் எண்தான் கணக்கு.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் டிரைவரை நீக்கிவிட்டு, கம்பெனியின் தளத்திலிருந்து அதே மாடலுக்குரியதை இறக்கிப் போடுங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம். ஃபோனில் "பிரிண்டர் வேலை செய்யலீங்" என்று மட்டும் சொன்னால் அவரும் வந்து முதலில் பிரிண்டரை ஆஃப் செய்து ஆன்தான் செய்வார். மாடல் பெயர், யூஎஸ்பியா நெட்வொர்க்கா, வரிசையில் என்ன எழுதியிருந்தது, நோட்பேடில் எத்தனை வந்தது, 307 விழுந்ததா என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.